விஜயகுமார் பெயரில் விழுந்த கட்டளை

சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த வெள்ளிக்கிழமை, மத்தியான பஸ்ஸில் விஜயகுமார் ஏற்காட்டை விட்டு இறங்கினான். காலையில்தான் வேலை போயிருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை ஈவ்லின் கூடவே வந்தாள். காப்பிக்கொட்டை வாங்கும் அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"ஏனுங்க, நீங்கதான் செஞ்சீங்களா? இப்பவாச்சும் சொல்லிட்டுப் போங்க."

"மெஷினே சொல்லிருச்சில்லீங்க. நான் வேற எதுக்கு?" என்று படியேறினான்.

அலுவலகத்தில் ஒரே சர்வர். ஆறு பேர் ஆறு திரைகளில், அவரவர் பெயரில் நுழைந்து வேலை பார்ப்பார்கள். யார் பெயரில், எந்த நேரத்தில், எந்தக் கட்டளை ஓடியது என்று சர்வர் தானாகவே பதிந்துகொள்ளும். அந்த வருஷம் மலைக்காரர்கள் கொண்டுவந்து போட்ட காப்பியின் எடைக்கணக்கு முழுவதும் திருவிழா அன்று காணாமல் போனது. எடைக்கணக்கு விஜயகுமாரின் பொறுப்பு. ஈவ்லின் அவன் பெயரைத் தேடினாள். ஆர்.எம். என்ற அழிக்கும் கட்டளை இருந்தது. எதை அழித்தது என்பதை அந்தப் பதிவு சொல்லாது. அதைக் கேட்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவுமில்லை.

விஜயகுமார் அன்று அலுவலகத்திலேயே இல்லை. அவனும் மலைக்காரன்தான்; அப்பா அங்கப்பனோடு சேர்வராயன் குகைக்கோயில் கூட்டத்தில் நின்றிருந்தான். லீவு கிடைக்காத நேரம் என்பதால் அலுவலகத்தில் ரகசியமாக ஓர் ஏற்பாடு உண்டு. சேர்வராயன் திருவிழாவுக்கு மலைக்கார ஊழியர்கள் போனால் அவர்கள் நாற்காலியில் கிறிஸ்தவ ஊழியர்கள் உட்காருவார்கள், கிறிஸ்துமஸுக்கு அவர்கள் நாற்காலியில் மலைக்காரர்கள். பாஸ்வேர்டும் கைமாறும். மேனேஜரும் ஈவ்லினும் தனி அறைகளில் இருந்ததால் அவர்களுக்கு இது தெரியாது.

"நீ போய் சாமி கும்பிடுடா, உனக்கும் சேத்து நான் தட்டறேன்," என்றிருந்தான் பக்கத்து நாற்காலி ஜாபெஸ். "ஆனா கிறிஸ்துமஸுக்கு எனக்கு மூணு நாள் வேணும்."

"உங்க சாமி பொறந்தது ஒரு நாள்தானடா!"

விசாரணையில் ஜாபெஸ் தலை நிமிரவில்லை. அவன்தான் கை தவறி அழித்துவிட்டான் என்று விஜயகுமாருக்கு உறுதியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் இரண்டு பேர் வேலையும் போகும். ஜாபெஸ் மனைவிக்கு அது ஏழாம் மாதம். விஜயகுமார் வாயைத் திறக்கவில்லை.

ஊரிலும் செய்தி பரவியது. "நம்ம பையனே நம்ம எடையை அழிச்சுப்போட்டான்" என்றார்கள். "கொஞ்ச நாளைக்கு ஊட்டுப் பக்கம் வராத சாமி," என்று அங்கப்பனே போனில் சொன்னார். சேலத்தில் வேலை கேட்ட இடங்களிலெல்லாம் பழைய கம்பெனியை விசாரித்தார்கள். கடைசியில் அடிவாரத்தில், வாடகை ஜீப்புகளுக்கு ஆள் கூப்பிட்டு ஏற்றும் வேலையில் போய் நின்றான்.

ஒருநாள் ஜாபெஸின் பைக் அவன் பக்கத்தில் நின்றது.

"நான் எதையும் அழிக்கலடா. எடைச் சீட்டுதான் அச்சடிச்சேன்."

"மெஷின் பொய் சொல்லுமா?"

"அப்ப நான் சொல்றேனா?"

"அன்னிக்கு வாயத் தொறந்திருக்கலாமில்ல? பயந்தாங்கொள்ளி! போடா, ஜீப்புக்கு வழி விடு."

அதன்பிறகு அந்த பைக் நிற்கவேயில்லை. அது வளைவில் தெரிந்தாலே விஜயகுமார் முகத்தைத் திருப்பிக்கொள்வான். சில வருஷங்களில் பைக்கும் வராமல் போயிற்று. ஜாபெஸ் குடும்பத்தோடு துபாய் போய்விட்டதாக ஒரு டிரைவர் சொன்னார். நம்பர் கேட்கவில்லை அவன்.

அதற்கும் வெகு காலம் கழித்து, ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஈவ்லினிடமிருந்து வாட்ஸப் வந்தது.

"விஜயகுமாருங்க, இங்க மறுபடியும் கணக்கு காணாம போச்சு. இந்தத் தடவை என் பேர்ல ஆர்.எம். இருந்துச்சு. நான் எதையும் அழிக்கலை. நோண்டிப் பாத்தேன். சீட்டு அச்சாகி முடிஞ்சதும் அதோட நகலை சர்வரே அழிக்குது, யார் பேர்ல உக்காந்திருக்கமோ அவங்க பேர்லயே. பதிவுல எல்லார் பேர்லயும் தினமும் அது இருக்குங்க. அன்னிக்கு நான் உங்க பேரை மட்டும்தான் தேடினேன். கணக்கு போனது டிஸ்க் கெட்டுப்போனதாலதான். அன்னிக்கு உங்க இடத்துல ஜாபெஸ் இருந்தாருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, அவரும் ஒண்ணும் பண்ணலை. மேனேஜர்கிட்ட சொன்னேன். பழைய கதை இப்ப எதுக்கும்மான்னுட்டாரு."