பொட்டலத்தின் இரண்டாவது விதை

தையல்காரம்மா துணியைத் திருப்பிக் கொடுக்கும் முன் கண்ணை மூடிக்கொள்வார். இடுப்புப்பட்டி, பக்கத் தையல், கால் மடிப்பு என்று விரல்கள் மட்டும் ஊர்ந்து போகும். எங்காவது குண்டூசி தங்கியிருந்தால் விரல் அங்கேயே நின்றுவிடும். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில், வீட்டு முன்னறையிலேயே அவர் கடை. கால்சட்டையைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, மெலிந்தவர்களுக்குப் பிடித்தும் பருத்தவர்களுக்குப் பிரித்தும் தருவது. "கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது" என்பார். மாடியில் குடியிருக்கும் நானும் நம்பித்தான் இருந்தேன்.

அவர் கணவர் பார்சல் வண்டி ஓட்டுகிறவர். ஒருநாள் பெட்டிகளோடு பெட்டியாக ஒரு நாய்க்குட்டியையும் கொண்டுவந்து இறக்கினார். அவருடைய அக்கா வீட்டு நாய் போட்ட குட்டி. வந்த விதத்தினாலேயே அதற்குப் பொட்டலம் என்று பெயர் விழுந்தது.

தடுப்பூசிக்குப் போன இடத்தில் மருத்துவர், சின்ன வயதுப் பெண், பொட்டலத்தின் பின்னங்கால்களுக்கு நடுவே தடவிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"ஒரு விதைதான் இறங்கியிருக்கும்மா. இன்னொண்ணு மேலயே நின்னுடுச்சு. ஆறு மாசம் வரைக்கும் பாக்கலாம். அதுக்கப்புறம் அது இறங்காது."

"இறங்கலைன்னா?"

"ஆபரேஷன் பண்ணி ரெண்டையும் எடுத்துடணும். வயித்துச் சூட்டுலயே கிடந்தா பின்னாடி கட்டி வரலாம். முறுக்கிக்கிட்டா வலி தாங்காது. இது பரம்பரையா வர்றது, அதனால இதை இனப்பெருக்கத்துக்கும் விடக்கூடாது."

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவருக்கு முகம் தொங்கிவிட்டது.

"ரெண்டையுமா? ஒழுங்கா இறங்கினது என்ன பாவம் பண்ணிச்சு?"

நாத்தனாரிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. பரம்பரை என்ற சொல் போனில் போய்ச் சேர்ந்ததுமே அந்தப் பக்கம் கொதித்துவிட்டது.

"குறையா? எங்க வீட்டு நாய்க்கா? இத்தனை ஈத்துல யாரும் ஒரு சொல்லு சொன்னதில்ல. உன் வீட்டுக்கு வந்தப்புறம் ஏதாவது ஆகியிருக்கும். என்னத்தைப் போடுறே நீ அதுக்கு?"

"நீங்க சொன்னதைத்தான் அண்ணி போடுறேன்."

"அப்ப சரியாப் போடலை."

தையல்காரம்மா போனை வைத்துவிட்டு ஒரு சட்டையின் கையை வெடுக்கென்று பிரித்தார். அது பிரிக்க வேண்டிய கை அல்ல.

அதன்பின் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வைத்தியர்களாகிவிட்டார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார் ஒருவர். மாடிப்படி ஏறி இறங்கவிட்டால் குலுக்கலில் தானே விழும் என்றார் இன்னொருவர். அதை நம்பிப் பொட்டலத்தை என் வாசல் வரை ஏற்றி இறக்கினார்கள். பொட்டலத்துக்குக் கால் பலமானதுதான் மிச்சம்.

தினமும் கடை சாத்தியதும் துணி வெட்டும் மேசைமேல் அதை மல்லாக்கப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சோதனை நடக்கும். பொட்டலம் ஏதோ விளையாட்டு என்று வாலை ஆட்டிச் சாக்பீஸ் டப்பாவைத் தட்டிவிடும். ஆறு மாதம் நெருங்கியது, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அந்த வாரத்தில் ஒருநாள் கீழேயிருந்து ஒரு கூச்சல்.

"வந்துடுச்சு! வந்துடுச்சுங்க!"

நெருப்பு பிடித்துவிட்டதோ என்று நான் செருப்பில்லாமல் ஓடினேன். தையல்காரம்மா பொட்டலத்தின் வலது தொடை இடுக்கில் விரலை வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வராத குறையாக நின்றார். சிறிய உருண்டையாக ஏதோ இருந்தது. "பட்டன் மாதிரி நிக்குது பாருங்க. வழியில இருக்கான், ரெண்டு நாள்ல கீழ வந்துடுவான்."

உடனே மருத்துவமனைக்குப் போன் போட்டார். "எதுக்கும் ஒரு தடவை கொண்டு வாங்கம்மா, நான் பாத்துடறேன்" என்றார் மருத்துவர்.

"என்னத்துக்கு டாக்டர்? என் கையிலயே இருக்கு. ஆபரேஷன் வேண்டாம்."

கணவர் அன்று பொட்டலத்துக்கு முட்டை அவித்துக் கொடுத்தார். நாத்தனாருக்கோ கொண்டாட்டம். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று போனிலேயே ஒரு வெற்றிவிழா நடத்தினார். சில மாதங்களில், அதே தாயை அதே தகப்பனோடு மறுபடியும் சேர்த்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார்.

அந்த உருண்டை இரண்டு நாளில் கீழே வரவில்லை. இரண்டு மாதத்திலும் வரவில்லை. "மெதுவா வரட்டும்" என்றார் தையல்காரம்மா. கண்டுபிடித்தாகிவிட்டது அல்லவா, சோதனையும் நின்றுபோனது.

ஒரு வயதுத் தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவர் அதே இடத்தில் கை வைத்தார். பிறகு தையல்காரம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"இதைத்தான் சொன்னீங்களா? இது விதை இல்லம்மா. கொழுப்பு உருண்டை. நிறைய பேருக்கு இப்படித்தான் தட்டுப்படும்."

ஸ்கேன் திரையில் சாம்பல் நிறப் புகைமூட்டத்துக்குள் மருத்துவர் பேனாவால் சுட்டிக் காட்டினார். மூத்திரப்பைக்குப் பக்கத்தில், வயிற்றுக்குள், பத்திரமாக உட்கார்ந்திருந்தது அது.

திரும்பி வந்த தையல்காரம்மா மிஷின் முன் உட்கார்ந்தார், தைக்கவில்லை. "அரை வருஷமா கொழுப்பைப் போய் விதைன்னு கொண்டாடிக்கிட்டு இருந்திருக்கேன்" என்று என்னிடம் சொன்னார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் ஜிப் அறுந்த பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

கணவர் அப்போதும் இழுத்தார். "நல்லாத்தானே ஓடுறான், தின்றான். இப்ப எதுக்குக் கத்தி?"

"கட்டி வந்தப்புறம் ஓட மாட்டான். அது சரி, நீங்க ஏன் காலைக் குறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? உங்களுக்கா பண்றாங்க?"

ஆபரேஷன் அன்று காலை வெறும் வயிற்றோடு கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். மருத்துவமனை வரை போன பிறகுதான் கணவர் தலையைச் சொறிந்தார். "பாவம், பாத்துக்கிட்டே நின்னான். ரெண்டே ரெண்டு பிஸ்கட்..." மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழி முழுக்கத் தையல்காரம்மா வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் திறந்தார். மாடி வரைக்கும் கேட்டது.

"உங்க அக்கா ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம், நடுவுல என் கை ஒரு பக்கம். இந்த நாயைக் காப்பாத்த இந்த வீட்டுல ஒருத்தருக்கும் வக்கில்லையா?"

அடுத்த முறைக்கு முந்தின இரவு தையல்காரம்மா பிஸ்கட் டப்பாவையும் உள்ளே வைத்துச் சமையலறையைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினார்.

ஆபரேஷனுக்கு நினைத்ததைவிட நேரம் பிடித்தது. வெளியே வந்த மருத்துவர் ஒரு சின்னத் தட்டைக் காட்டினார். ஒன்று பருமனாக இருந்தது. மற்றது காய்ந்த பட்டாணி போலச் சுருங்கிக் கிடந்தது. "இன்னும் கெடலை. ஆனா விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது." கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தையல்காரம்மா குனிந்து பார்த்தார், தொடவில்லை.

"குட்டியோட தாயையும் தகப்பனையும் மறுபடி சேர்க்க வேண்டாம்னு அந்த வீட்டுல சொல்லிடுங்கம்மா."

"இப்ப சொல்லி என்ன டாக்டர்? போன வாரமே அஞ்சு குட்டி போட்டாச்சு" என்றார் தையல்காரம்மா. குரலில் உயிரே இல்லை.

அன்று மாலை பொட்டலம், தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு கதவு, நாற்காலி, மிஷின் என்று எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டு அலைந்தது. கணவர் தரையில் உட்கார்ந்து கையாலேயே ஊட்டினார். தையல்காரம்மா போனை எடுத்து, நாத்தனாரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கொழுப்பு உருண்டையைக்கூட மறைக்கவில்லை.

"தப்பு என்னோடதுதான் அண்ணி. வந்துடுச்சுன்னு நான் சொல்லலைன்னா நீங்க மறுபடி சேர்த்திருக்க மாட்டீங்க. அந்த அஞ்சு குட்டியில ஆண் குட்டிங்களையாவது எட்டு வாரத்துல டாக்டர்கிட்ட காட்டிடுங்க. வீட்டுல தடவிப் பாத்து முடிவு பண்ணாதீங்க. கைக்குத் தெரியாது."



"உன் கைக்குத் தெரியாதுன்னு சொல்லு" என்றார் நாத்தனார். "நான் நேத்தே எல்லாத்தையும் தடவிப் பாத்துட்டேன். எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு."

பிறந்து ஒரு வாரம்கூட நிறையாத குட்டிகள்; எந்த நாய்க்கும் விதை இறங்கியே இருக்காத வயது. தையல்காரம்மா போனை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.