நான் கூப்பிட்டபோது அவர் திரும்பிய விதம்

என் கணவர் என்னிடம் எதையோ மறைக்கிறார் என்பது போன வருடம் ஆகஸ்ட் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன என்பதுதான் தெரியவில்லை. ஆண்டவர் அதை வெளியே கொண்டுவந்த விதத்தை நம் சபையாருக்காக எழுதுகிறேன். எழுதச் சொன்னது என் கணவர்தான். இதைப் படித்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள்.

அவர் விமானி. வான் சாகசக் குழுவில் பறப்பவர். விமானங்கள் இறக்கையோடு இறக்கை உரசுகிற மாதிரி சேர்ந்து பறந்து, தலைகீழாகப் புரண்டு, கலர் புகை விடுமே, அதில் தலைவரின் விமானத்துக்கு வலது பக்கம் வருவது இவருடையது. குழு இருப்பது வேறு ஊரில். எனக்கு இங்கே டெல்லியில் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். பாளையங்கோட்டையில் கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்தது கொஞ்ச காலம்தான். டெல்லியில் சாகசக் காட்சி என்று முடிவானதும் குழு பக்கத்திலேயே வந்து தங்கிப் பயிற்சி எடுத்தது. சனி, ஞாயிறு வீட்டுக்கு வருவார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

கட்டிலை விட்டுவிட்டு சோபாவில் சாய்ந்தபடி படுத்தார். சட்டையில் எனக்குத் தெரியாத ஓர் எண்ணெய் வாசனை. எதிரே உட்கார்ந்தால் என்னைப் பார்ப்பார், பக்கத்தில் உட்கார்ந்தால் பார்க்கமாட்டார். பக்கத்தில் மோதி பாக் என்கிற இடத்தில் காரை சர்வீஸுக்கு விடுகிறேன் என்று கிளம்புவார். கார் போன அழுக்கோடு அப்படியே திரும்பி வரும்.

"அப்படி என்னதான் சர்வீஸ் செஞ்சாவ?" என்று கேட்டேன்.

"எல்லாம் பாத்தாச்சு. சும்மா நோண்டாதட்டி."

நோண்டாமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா? அவர் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். பெயர் போடாத ஒரே நம்பர், அடிக்கடி. என் போனிலிருந்து அதைக் கூப்பிட்டேன். "ஹாங் ஜி, போலியே", சொல்லுங்கள் என்றது ஒரு பெண் குரல். வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அலுவலகத்தில் பாத்ரூமில் போய் அழுதேன். தினமும் முழங்காலில் நின்று ஒரே ஜெபம்: "ஆண்டவரே, அவ யாருன்னு எனக்குக் காட்டும்." பொறுமையைத் தாரும், மன்னிக்கிற மனதைத் தாரும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. ஆளைக் காட்டும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற ஜெபம் அது.

காட்சி நாளில் விமானிகளின் குடும்பங்களுக்குத் தனியாக ஷாமியானா பந்தல் போட்டிருந்தார்கள். நான் விமானம் பார்க்கப் போகவில்லை. அவளைப் பார்க்கப் போனேன்.

காலை முழுவதும் விமானிகள் எங்களோடுதான் இருந்தார்கள். ஒருவருடைய அம்மா எல்லார் வாயிலும் லட்டு திணித்துக்கொண்டிருந்தார். குழந்தைகளை விமானத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. குழுத் தலைவர் ஒரு பஞ்சாபிக்காரர், நல்ல மனிதர். இரண்டு கைகளையும் விமானம் மாதிரி பிடித்துக்கொண்டு எங்களுக்கு விளக்கினார்.

"பக்கத்துல வர்றவன் வானத்தையும் பாக்க மாட்டான், தரையையும் பாக்க மாட்டான், பாபி. அவன் கண்ணு என் விமானத்து மேலயேதான் இருக்கும். நான் எங்க போனாலும் கூடவே வருவான்" என்று ஹிந்தியில் சொன்னார். பாபி என்றால் அண்ணி.

வீட்டில் இருக்கிறவளைப் பார்க்காத மனுஷன் இவரையாவது பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவள் வந்தாள். மைக்கில் வர்ணனை செய்கிற அதிகாரி, குழுவின் அதே நீல உடுப்பு, சின்ன வயது. நேராக என் கணவரிடம் போய், தோளில் கை வைக்கப் போய் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "அப் கைசா ஹை?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். இப்போது எப்படி இருக்கிறது என்று. என்ன எப்படி இருக்கிறது? இவர் உதட்டில் விரலை வைத்து, நான் இருக்கும் பக்கம் கண்ணைக் காட்டினார். ஆண்டவரே, காட்டிவிட்டீரே என்று மனதுக்குள் சொன்னேன்.

அதற்குள் விமானிகளை ஒத்திகைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பறப்பதற்கு முன்னால் தரையிலேயே நடந்து பார்ப்பது அவர்கள் வழக்கம். வானத்தில் எப்படி வரிசையோ அப்படியே நின்று, தலைவர் குரல் கொடுக்கக் கொடுக்க, கழுத்தை அவர் பக்கம் திருப்பியபடி வளைந்து வளைந்து நடக்கிறார்கள். என் கணவர் மட்டும் நண்டு மாதிரி உடம்பையே கோணலாக வைத்து நடந்தார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண் ஓரத்தில் நின்று இவரையே கவலையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. இடம், பொருள் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"ஏங்க! இங்க வாங்க!"

பாளையங்கோட்டைத் தொண்டை. எல்லாரும் தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். என் கணவருக்குத் தலை திரும்பவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்து, மொத்த உடம்பையும் அலமாரியை நகர்த்துகிற மாதிரி திருப்பினார்.

தலைவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என் கணவரிடம் போய், "கர்தன் குமாவோ" என்றார். கழுத்தைத் திருப்பச் சொன்னார். இவர் திருப்பப் பார்த்தார். பாதியில் முகம் வெளுத்துவிட்டது. தலைவர் தன் கையை நீட்டி அழுத்திப் பிடிக்கச் சொன்னார். என் கணவரின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. விமானத்தை ஓட்டுகிற கை அது.

"ஆஜ் நஹீ" என்றார் தலைவர். இன்றைக்கு வேண்டாம்.

மற்றவர்கள் பறந்தார்கள். கூட்டம் விசில் அடித்தது. மேலே தலைவருக்கு வலது பக்கம் ஓர் இடம் காலியாகவே போனது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில் என் புருஷன் இருந்திருந்தால் என்ற நினைப்பு என்னை விடவில்லை. அவர் என் பக்கத்தில்தான் நின்றார். அந்தப் பெண்தான் வர்ணனை முடிந்ததும் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட சொல்லிடுங்கன்னு எவ்வளவோ சொன்னேன், பாபி. வெறும் சுளுக்குதான், காட்சி முடியட்டும்னு கெஞ்சினார். நான் மோதி பாக்ல ஒரு பிசியோதெரபி டாக்டர் நம்பர் மட்டும் கொடுத்தேன்."

எண்ணெய், கார் சர்வீஸ், நம்பர், பெண் குரல் எல்லாம் அந்த டாக்டரம்மாதான். தரை பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

ஸ்கேனில் கழுத்துத் தட்டு விலகி நரம்பை நெருக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. வானத்தில் விமானம் திரும்பும்போது உடம்பின் பாரம் பல மடங்கு ஆகும், அந்த நேரத்தில் கை மொத்தமாக விட்டுப்போயிருக்கலாம் என்றார் டாக்டர். பக்கத்தில் பறந்தவர்களும் தப்பியிருக்க மாட்டார்கள். ஆபரேஷன் நடந்தது. விரல்களுக்கு உயிர் வந்துவிட்டது. சாகசக் குழுவுக்கு இனிப் போக முடியாது. வேறு விமானம் ஓட்ட விடுவார்களா என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சாயங்காலம், என் சந்தேகத்தையெல்லாம் அவரிடம் கொட்டிவிட்டேன். அவளைக் காட்டும் என்று ஜெபித்ததையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தவருக்குக் கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்தது.

"நானும் அன்னைக்குக் காலைல ஜெபம் பண்ணினேன்ட்டி. நானா சொல்லுததுக்கு எனக்குத் தைரியம் இல்ல. விட்டுக்கொடுக்கவும் மனசு வரல. யாராவது என்னப் பிடிச்சிரட்டும் ஆண்டவரேன்னு கேட்டேன். உன் சத்தம் கேட்டதும் எனக்குத் தெரிஞ்சிட்டு."

அன்பானவர்களே, சந்தேகம் பிடித்த என் ஜெபத்துக்கு ஆண்டவர் பதில் தரவில்லை. நான் தேடின பெண் உலகத்திலேயே இல்லை. அவர் செவிகொடுத்தது என் கணவரின் ஜெபத்துக்கு. அதற்கு அனுப்ப வேறு ஆள் கிடைக்காத மாதிரி, பொறாமையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற என்னையே அனுப்பினார். அதை நினைக்கும்போதெல்லாம் வெட்கமாகவும் இருக்கிறது, நன்றியில் அழுகையும் வருகிறது. இப்போது நாங்கள் தனித்தனியாக முழங்காலில் நிற்பதில்லை. கை கோத்துக்கொண்டு, ஒருவர் கேட்க மற்றவர் வாய்விட்டு ஜெபிக்கிறோம். உங்கள் வீட்டிலும் ஒருவர் வாயைத் திறக்காமல் இருந்தால், அவரை இன்றைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ஜெபியுங்கள். அவர் எதைக் கேட்டுக் காத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. நம் ஆண்டவருக்குத் தெரியும்.