வல்லை வெளியில் திரும்பிய கப்பல்

போன ஞாயிறு பின்னேரம். நல்லூரில் ஒரு ஐஸ்கிரீம் கடை. நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசைக் குடும்பம் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு தூரப் போய் உட்கார்ந்தது. காணிச் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

இல்லை ஐயா... கப்பல் சண்டை!

எல்லாம் அந்தக் கடல் படத்தால் வந்தது. ஆறு பாகச் சரித்திர நாவலைப் படமாக்கியிருக்கிறார்கள். நெல்லியடியில் அந்த நாவலைக் கைமாற்றிக் கைமாற்றி வாசித்துக் கிழித்த கூட்டம் நாங்கள். சும்மா இருப்போமா? ரஞ்சன் அண்ணையின் வாடகை வானைப் பிடித்து, யாழ்ப்பாண டவுனுக்குப் பகல் காட்சி பார்க்கப் போய்விட்டோம்.

படம் அட்டகாசம். அதைச் சொல்லாவிட்டால் பாவம். பாய்கள் விரிந்து அந்தக் கப்பல் திரையை நிறைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த வயதுவரை விசிலடிக்கப் பழகாமல் விட்டேனே என்று முதல்முறையாகக் கவலைப்பட்டேன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. நாவலில் நாலாம் பாகத்தின் முடிவு. குடிதண்ணீர் எடுக்கத் தீவில் இறங்கிய வேலன் என்ற மாலுமி அங்கேயே அகப்பட்டுவிடுவான். பின்னால் எதிரிக் கப்பல்கள். தலைவன் என்ன செய்கிறான்? அந்த ஒருவனுக்காகக் கப்பலைத் திருப்புகிறான். முழு அத்தியாயமும் அதுதான்! படத்திலோ... தலைவன் திரும்பிப் பார்க்கிறான், ஒரு சொட்டுக் கண்ணீர், கொஞ்சம் வயலின், கப்பல் நேரே போய்விடுகிறது.

"ஐயோ மாதாவே!" என்று தியேட்டருக்கே கேட்கச் சொன்னாள் பக்கத்தில் இருந்த டிலானி. குருநகரில் பிறந்து நெல்லியடியில் வாழ்க்கைப்பட்டு, அங்கே மருந்துக்கடை நடத்துகிறவள். அவளுடைய நாலாம் பாகத்தை மேசையில் வைத்தால் தானாகவே அந்தப் பக்கத்தில்தான் திறக்கும். வருடக்கணக்காக அந்த ஒரு காட்சிக்குக் காத்திருந்தவள். மிச்சப் படம் முழுக்க அழுதுகொண்டே இருந்தாள்.

ஐஸ்கிரீம் வந்ததும் வெடித்தது சண்டை.

"கப்பலிலை முந்நூறு பேர். தீவிலை ஒருத்தன். உதுக்கென்ன விவாதம்? டைரக்டர் மூளைக்காரன்!" இது சிவநேசன் மாஸ்டர். வணிகம் படிப்பிப்பவர், படக் கட்சியின் தலைவர்.

"மூளை இருக்கட்டும் மாஸ்டர். நெஞ்சு எங்கை?" என்றாள் டிலானி.

"நெஞ்சை வைச்சுக் கப்பலோட்டேலாது, பிள்ளை!"

நான் நாவல் கட்சி. உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இரண்டு சங்கம் உடனே தயார். குறுக்கே வந்து நின்றார் ரஞ்சன் அண்ணை. "ஏறுங்கோ, ஏறுங்கோ! ஒரு குடும்பத்தைச் சந்நிதி கோயில் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போறனெண்டு சொல்லி வைச்சிருக்கிறன். பிந்தினால் என்னைத் தின்னுவினம்!"

ஏறினோம். வாய் மட்டும் ஓயவில்லை. இருபாலை, கோப்பாய், நீர்வேலி எல்லாம் எப்போது போயின என்றே தெரியாது. ஆனால் படக் கட்சித் தலைவரின் சத்தத்தைக் காணோம்! மாஸ்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. விவாதத்தில் கால் வழுக்கினால் வானின் கடைசிச் சீட்டில் போய்ச் சுருண்டு, முகத்தை நீட்டிக்கொண்டு இருப்பார்.

"என்ன மாஸ்டர், பேச்சுமூச்சைக் காணேல்லை? தோல்வியை ஒப்புக்கொண்டாச்சோ?" என்று டிலானி பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

பதில் இல்லை. நாங்கள் கைதட்டினோம். மாஸ்டரின் வாயை அடைப்பது லேசான காரியமா?

வல்லை வெளி வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். காற்று வானைப் பிடித்துத் தள்ளியது. எனக்கே பாவமாகப் போய்விட்டது. சமாதானத்துக்கு ஒரு டொபி கொடுப்போம் என்று கடைசிச் சீட்டை எட்டிப் பார்த்தேன்.

ஒரு குடை இருந்தது. ஒரு தோள்பை இருந்தது. மாஸ்டர் இல்லை!

"அட கோதாரி!" ரஞ்சன் அண்ணை பிரேக்கை மிதித்தார். மாஸ்டருக்குப் போன் அடித்தேன். தோள்பைக்குள் மணி கேட்டது. பேர்ஸும் அதற்குள்தான்.

"ஒருத்தருக்காகத் திருப்பக்கூடாதெண்டு மாஸ்டரே சொன்னவர். அவரின்ரை கொள்கைக்கு நாங்கள் மரியாதை குடுக்கோணும்!" என்றான் காண்டீபன். மாஸ்டரின் கட்சிக்காரன்தான்! வானே குலுங்கிச் சிரித்தது. டிலானி சிரிக்கவில்லை.

"அங்கை கோயிலுக்குப் போற சனம் வெளிக்கிட்டு வாசலிலை நிக்குது. உங்களை இறக்கிப்போட்டு ஆரையாவது மோட்டச்சைக்கிளிலை அனுப்புவம். மாஸ்டர் என்ன, குழந்தைப்பிள்ளையே?" என்றார் ரஞ்சன் அண்ணை.

நியாயமான பேச்சு. படத்தில் வந்த அதே நியாயம்!

டிலானி எழும்பினாள். வான் கூரையில் தலை இடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை. "ரஞ்சன் அண்ணை, என்ரை அப்பா ஒருக்கால் எஞ்சின் பழுதாகிக் கடலிலை இழுபட்டுப் போனவர். மற்ற வள்ளக்காரர் எல்லாரும் கரைக்கு வந்திட்டினம். அதிலை ஒருத்தர் மட்டும், ஆள் குறையுதெண்டு பாத்து, வலையையும் விட்டிட்டுத் திரும்பிப் போனவர். அதாலைதான் நான் அப்பா உள்ள பிள்ளையாய் வளந்தனான். ஆள் குறைஞ்சால் திரும்பிறதுதான். உதிலை கதைக்க ஒண்டுமில்லை."

அந்தப் புத்தகம் ஏன் அந்தப் பக்கத்தில் திறக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

ரஞ்சன் அண்ணை போனை எடுத்துச் சந்நிதிக் குடும்பத்துக்கு விஷயத்தைச் சொன்னார். அவர்கள் திட்டியது கடைசிச் சீட்டு வரை கேட்டது. வேறு வான் பிடிக்கிறார்களாம். அவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். "பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

ஸ்டியரிங் சுழன்றது. வல்லை வெளியில், அந்தக் காற்றில், கதவு கிறீச்சிட எங்கள் பழைய வான் திரும்பியது. ஆகா! அந்தத் திருப்பத்துக்கு எத்தனை கோடி கொட்டிய கிராபிக்ஸும் காணாது. நான் ஆவென்று கத்தினேன். காண்டீபன் கட்சி மாறி விசிலடித்தான். டிலானி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அக்கா, வெட்டின சீனைப் பாத்திட்டன்" என்று என்னிடம் சொன்னாள்.

கொள்கை பேசுவது கப்பலுக்குள் இருக்கிறவருக்கு எப்போதுமே சுகம். தீவில் நிற்கிறவரிடம் யார் அபிப்பிராயம் கேட்கிறார்கள்?

மாஸ்டர் கடை வாசலில் நின்றார். மனைவிக்கென்று அப்போதே வாங்கிய ஐஸ்கிரீம் பார்சல் கையில் ஒழுகிக்கொண்டிருந்தது. "பையை வானுக்கை வைச்சிட்டு, ஒருக்கால் முருகனைக் கும்பிட்டிட்டு வாறனெண்டு சொல்லிப்போட்டுத்தானே போனனான்! ஆருக்குக் காது கேட்டது?" என்றார். உண்மையாக இருக்கும். அந்தக் கத்தலில் முருகனுக்கே கேட்டிருக்காது.

ஏறி உட்கார்ந்தார். வல்லை வரை போய்த் திரும்பிய கதையைக் காண்டீபன் ஒப்புவித்தான். டிலானி மெல்லக் கேட்டாள், "இப்ப சொல்லுங்கோ மாஸ்டர். திருப்பினது சரியோ, பிழையோ?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் போட்டார்.

"பிழைதான் பிள்ளை. கொள்கையெண்டால் கொள்கை. ஆனால்... உந்தப் பிழையைக் கோப்பாயிலை வைச்சே செய்திருக்கலாமெல்லே?"