குங்குமம் வைத்த விக்கெட் கீப்பர்

புதுச்சத்திரத்துக்கு வந்து வெள்ளியங்கிரி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. கருப்பண்ணனின் பங்காளி வீடு என்று கேட்டால் கோழிப்பண்ணை வரைக்கும் கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார்கள். அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதி இதிலேயே முடிந்துவிட்டது. மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவர் என் அக்கா ராமாயியின் வீட்டுக்காரர், எனக்கு மச்சான்.

மச்சானுக்குத் தன் மனசில் தானாக ஓர் ஆசை முளைத்து நான் பார்த்ததில்லை. எழுபத்திரண்டில் கருப்பண்ணன் லாரி வாங்கினார். அடுத்த தையில் மச்சானும் வாங்கினார். டீசல் எந்தப் பக்கம் ஊற்றுவார்கள் என்று டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட முதலாளி அவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்த லாரி கொஞ்ச காலம் ரோட்டில் ஓடியது, ரொம்ப காலம் வேப்பமரத்தடியில் நின்றது. கருப்பண்ணன் மாடி வீடு கட்டினார். மச்சான் படிக்கட்டிலிருந்து ஆரம்பித்தார், அதோடு நின்றுவிட்டார். இன்றைக்கும் அவர் வீட்டு வாசலில் ஏறினால் மொட்டை வெயிலில் கொண்டுபோய் விடும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. பிறகு கருப்பண்ணன் கோழிப்பண்ணை போட, இவரும் போட்டார். அது மட்டும் நிலைத்தது. காரணம், அதை நடத்தியவள் என் அக்கா. மச்சான் சாயங்காலம் ஒரு முறை கோழி ஷெட்டுக்குள் போய், கோழிகளைக் கண்காணிப்பதுபோல் நின்றுவிட்டு வருவார்.

இவர் வாழ்க்கையின் உச்சம் என்று நான் நினைப்பது எண்பத்தேழாம் வருடம். அந்த வருடம்தான் பிள்ளைக்குக் கிரிக்கெட் கார்டு வாங்குகிறேன் என்று கிளம்பினார்.

கார்டு என்பது எங்கள் காலத்தில் யாரும் காசு கொடுத்து வாங்கும் பொருள் இல்லை. எழுபதுகளில் நாங்கள் தீப்பெட்டிப் படமும் சிகரெட் பெட்டி அட்டையும் பொறுக்கினோம். புதுச்சத்திரம் நெடுஞ்சாலை ஊர் என்பதால் வடக்கேயிருந்து வரும் லாரிக்காரர்கள் வீசிவிட்டுப் போகும் பெட்டிகளுக்குத் தனி மவுசு இருந்தது. பிறகு பெட்டிக் கடையில் சினிமாப் படம் வந்தது. எண்பத்து மூன்றில் நம் ஆட்கள் உலகக் கோப்பையைத் தூக்கியதும் நடிகர்களெல்லாம் ஓரம் போய், பபுள்கம் பொட்டலத்துக்குள் கிரிக்கெட்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பபுள்கம்மை வாயில் போட்டுக்கொண்டு கார்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடும் பிள்ளைகளுக்கு அது ஓர் ஆட்டம். ஒருவன் தன் கார்டைக் குப்புறப் போட வேண்டும். அடுத்தவன் தன் கார்டைக் கொண்டு ஓங்கி அடிப்பான். கீழே கிடப்பது மல்லாந்துவிட்டால் அடித்தவனுக்குச் சொந்தம். மூலை மடங்கும், புழுதி ஒட்டும், யாரும் கவலைப்பட்டதில்லை.

எண்பத்தேழில் உலகக் கோப்பை நம் ஊருக்கே வருகிறது என்றதும் பபுள்கம் கம்பெனிக்காரன் ஒரு திட்டம் போட்டான். முழு செட் கார்டையும் கொண்டுவந்து கொடுத்தால் நிஜமான பேட் ஒன்று பரிசு. அதோடு ஆட்டம் ஒழிந்தது. கார்டை அடிக்கும் சத்தம் போய் எண்ணும் சத்தம் வந்தது. கடைக்காரர்கள் பொட்டலத்தைப் பிளேடால் நாசூக்காகப் பிரித்து நல்ல கார்டுகளை உருவித் தனியாக விற்கத் தொடங்கினார்கள். எல்லாக் கார்டும் கிடைத்தது, நம் அணி விக்கெட் கீப்பர் மட்டும் கிடைக்கவில்லை. கம்பெனிக்காரன் வேண்டுமென்றே குறைவாக அச்சடித்திருக்க வேண்டும். பிள்ளைகள் திண்டாடியதைப் பார்த்து அப்பன்மார்கள் உள்ளே நுழைந்தார்கள். ஒரு விளையாட்டை நாசம் செய்ய அப்பன்மார்கள் போதும்.

கருப்பண்ணன் தன் மகனுக்கு செட் சேர்க்கிறார் என்று மச்சான் காதுக்கு எட்டியது. மறுநாளே சேலத்தில் என் சைக்கிள் கடைக்கு வந்து நின்றார். செவ்வாய்ப்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அங்கே மொத்த வியாபாரியிடம் இருந்த பபுள்கம் பெட்டி அத்தனையும் தனக்கே வேண்டும் என்றார்.

"எந்த ஊர்லீங்க கடை போட்டிருக்கீங்க?" என்று வியாபாரி கேட்டார்.

"கடையெல்லாம் இல்லீங்க. பையனுக்கு."

வியாபாரி என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

பையன் மயில்சாமிக்கு அப்போது ஆறு வயது. கார்டு வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. கிரிக்கெட்டில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதுகூட அவனுக்குத் தெரியாது, மச்சானுக்கும் தெரியாது. அந்த வீட்டில் கிரிக்கெட் தெரிந்த ஒரே ஆள் மகள் சென்னியம்மாள். ஆறாம் வகுப்பு. கருப்பண்ணன் வீட்டு ரேடியோவில் வர்ணனை கேட்பாள். வீதியில் கார்டு அடிப்பதில் அவளை ஜெயிக்கப் பையன்களால் முடியாது. பவுடர் டப்பா ஒன்றில் அவள் கார்டுகள் இருந்தன. அத்தனையும் ஆடி ஜெயித்தவை. அதில் ஒன்று அந்த விக்கெட் கீப்பர். போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர் மகனிடம் ஜெயித்தது. அதை வைத்துத்தான் எப்போதும் அடிப்பாள். "இவன் ராசிக்காரனுங்க மாமா" என்று ஒருமுறை என்னிடம் காட்டினாள். ஒரு மூலை கிழிந்து, அந்த ஆளின் ஒரு கையுறை தேய்ந்துபோயிருந்தது.

பெட்டிகள் வந்து இறங்கியதும் மச்சான் பண்ணை ஆட்களை முட்டை பொறுக்க விடாமல் வரிசையாக உட்காரவைத்து பபுள்கம் பிரிக்கச் சொன்னார். அந்த வாரம் முழுக்கப் பண்ணையில் ஆணும் பெண்ணும் வாயில் முட்டை விட்டுக்கொண்டு திரிந்தார்கள். மீதி எருக்குழிக்குப் போனது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மயில்சாமி ஒரு கார்டை எடுத்துச் சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி டரடரவென்று ஓட்டினான். அந்தப் பிள்ளை கார்டுகளால் அடைந்த சந்தோஷம் அது ஒன்றுதான், அதற்கும் முதுகில் அறை விழுந்தது. கார்டுகள் பீரோவுக்குள் போயின. சாவி மச்சானின் அரைஞாணில் தொங்கியது.

இத்தனை பிரித்தும் விக்கெட் கீப்பர் வரவில்லை. மகளிடம் ஒன்று இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன்.

"அம்மிணி, அந்தக் கார்டைத் தம்பிக்குக் குடு."

"பீரோவுல இருக்கறதுல ரெண்டு குடுங்கப்பா, இதைத் தாரேன். இல்லீன்னா ஆடி ஜெயிச்சுக்கங்க."

கார்டு ஆடுகிற எந்தப் பிள்ளையும் சொல்லும் நியாயமான விலை அது. மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்பன்கிட்டயே யாவாரம் பேசறயா?"

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனதும், இந்தப் பெரிய மனிதர் அவள் துணிகளுக்கு அடியில் கைவிட்டு டப்பாவைத் திறந்து அந்த ஒரு கார்டை எடுத்துக்கொண்டார். இதற்குத் திருட்டு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியாது. சாயங்காலம் சென்னி வந்து கேட்டாள். அழவில்லை, கேட்டாள்.

"இந்த ஊட்டுல இருக்கற எல்லாமே உன்ற தம்பிக்குத்தான், தெரிஞ்சுக்க" என்றார்.

அக்கா இதை எனக்குச் சொன்னாள். அடுத்த தடவை போனபோது கேட்டே விட்டேன். "ஏனுங்க மச்சான், அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்திருக்கலாமுங்களே?"

"என்ற ஊட்டுல நான் யாருகிட்டீங் மாப்ளை கேக்கோணும்?" என்று சிரித்தார். பெரிய தத்துவம் சொல்லிவிட்ட சிரிப்பு.

செட் நிறைந்துவிட்டது. உடனே சேலத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசை வாங்கிவந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் கருப்பண்ணனுக்குக் காட்டாமல் இவருக்குச் சோறு இறங்காது. ஆயுத பூஜை வந்தது. பண்ணையில் தீவனம் அரைக்கும் மிஷின், முட்டைத் தட்டு, தராசு, மொபெட், ஓடாத லாரி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தாயிற்று. கருப்பண்ணன் வந்து உட்கார்ந்த பிறகு மச்சான் பீரோவைத் திறந்தார். தலைவாழை இலை போட்டு, கார்டுகளை வரிசையாக அடுக்கினார். பிறகு சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொரு கார்டிலும் ஒவ்வொரு ஆளின் நெற்றியிலும் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார்.

எந்த நாட்டுக்காரனையும் விடவில்லை. இங்கிலாந்துக்காரனுக்கும் பொட்டு, பாகிஸ்தான்காரனுக்கும் பொட்டு. ஹெல்மெட் போட்டவனுக்கு ஹெல்மெட்டில், கீப்பருக்குத் தொப்பியில். ஈரச் சந்தனம் அட்டையில் ஊறிப் பரவியது. சென்னி கதவோரம் நின்று கடைசிக் கார்டு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கெல்லாமா பொட்டு?" என்றார் கருப்பண்ணன்.

"பையன் நாளைக்குப் பேட் புடிக்கப் போறவன். அவனுக்கு இதுதானுங் ஆயுதம்" என்றார் மச்சான். பையன் அந்த நேரம் பொரிகடலைத் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தான்.

பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்று காத்திருந்து எடுத்து, பட்டுத் துணியில் சுற்றி, அதற்கடுத்த நாள் வெள்ளைச் சட்டையில் சேலம் வந்தார். கம்பெனி ஏஜெண்டு கடைக்கு நானும் கூடப் போனேன். ஏஜெண்டு சின்ன வயசுப் பையன். முதல் கார்டைப் பார்த்தான், அடுத்ததைப் பார்த்தான், கட்டையே திருப்பித் தள்ளினான்.

"செல்லாதுங்க."

"ஏனுங்க? முழு செட்டுங்க, எண்ணிப் பாருங்க."

"பரிசு குடுத்த கார்டு திரும்ப வரக் கூடாதுன்னு நாங்க செகப்பு சீல் குத்தறமுங்க. செகப்பு பட்ட கார்டை எடுக்கக் கூடாதுன்னு கம்பெனி ஆர்டர். பபுள்கம் காயிதத்துலயே போட்டிருக்குதுங்களே."

"ஏப்பா, இது குங்குமம். சாமிக்கு வெச்சது."

"குங்குமத்துக்கு அடியில சீல் இருக்குதா இல்லையான்னு நான் எப்படிங்க கண்டுபுடிக்கறது?"

மச்சான் தன் துண்டை எச்சில் தொட்டு, ஒரு வெள்ளைக்காரன் நெற்றியைத் தேய்த்தார். குங்குமம் போகவில்லை, முகம்தான் போனது. ஆயிரம் கோழி வைத்திருக்கிற ஒரு பண்ணைக்காரர் ஒரு சின்னப் பையன் எதிரில் அட்டையில் எச்சில் தேய்த்துக்கொண்டு நின்ற காட்சியைப் பார்த்து எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. பவுடர் டப்பாவுக்குள் கைவிட்டபோது இந்தக் கூச்சம் வந்திருக்க வேண்டும்.

நானும் அவரோடு ஊருக்குப் பஸ் ஏறினேன். வழி நெடுகிலும் ஏஜெண்டைத் திட்டினார், கம்பெனியைத் திட்டினார், கருப்பண்ணன் கண் பட்டுவிட்டது என்றார். வீட்டுக்குள் நுழைந்ததும் பட்டுத் துணியை உதறினார். கார்டுகள் சிமெண்டுத் தரை முழுக்கச் சிதறின.

"இந்தா அம்மிணி, அத்தனையும் நீயே எடுத்துக்க. செல்லாத சனியன்."

ஊர்ப் பிள்ளைகள் வருடம் முழுக்க ஆடினாலும் சேர்க்க முடியாத கார்டுகள் அவை. பொட்டு இருந்தால் என்ன, ஆட்டத்துக்கு அது ஒரு குறையா? சென்னி குனிந்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடி, மூலை கிழிந்த கீப்பரை மட்டும் எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். எழுந்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கன்னு சொன்னேன்ல?"

"என்னுது இது ஒண்ணுதானுங்கப்பா" என்றாள். குரலில் துளிக் கோபம் இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. நான் இத்தனை வருடமாக மனசுக்குள் அந்த மனிதரைத் திட்டிய திட்டெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

வாசல் வரை பின்னாலேயே போய்க் கேட்டேன். "ஏஞ்சாமி, செகப்பு பட்டாச் செல்லாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க மாமா. காயிதத்துல படிச்சிருக்கறன்."

"அப்பா பொட்டு வெக்கறப்பவே சொல்லியிருக்கலாமல்ல?"

"என்றகிட்ட யாரும் கேக்கலீங்களே" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த பிள்ளைகளிடம் ஓடினாள்.

உள்ளே மச்சான் தரையிலிருந்த கார்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். தூக்கிப் போட மனசு வரவில்லை. சும்மா கிடைத்தாலும் வேண்டாம் என்று ஒருத்தி போய்விட்டதால் அவற்றின் மதிப்பு அவருக்கு மறுபடி கூடியிருக்க வேண்டும். அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு சென்னி திரும்பி வந்தாள். கால் முட்டி வரைக்கும் புழுதி, முகமெல்லாம் சிரிப்பு. கை காலியாக இருந்தது.

"எங்க அந்தக் கீப்பரு?" என்றார் மச்சான்.

"தோத்துட்டேனுங்கப்பா."

மச்சான் மடியிலிருந்த கட்டு சரிய எழுந்து நின்றுவிட்டார். "தோத்துட்டயா? கெடைக்காத கார்டு அம்மிணி அது. ஜில்லா பூராத் தேடியும் கெடைக்கல. போச்சே."

"போகலீங்க. ரிக் வண்டிக்காரரு பையங்கிட்டத்தான் இருக்குது. நாளைக்கு ஆடி வாங்கிக்குவனுங்க" என்றாள். பிறகு கீழே சரிந்து கிடந்த பொட்டு வைத்த ஆட்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே ஒரு சந்தேகம் வந்திருந்தது.

"ஏனுங்கப்பா, உங்களுக்குக் கார்டு ஆடத் தெரியாதுங்களா?"

மச்சான் குனிந்து, சரிந்த கார்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். அக்கா அவளைக் கால் கழுவிக்கொண்டு வரச் சொல்லி, தட்டை எடுத்து வைத்தாள்.