படத்து ஆணி

புதுச்சத்திரம் பக்கம் வீடு வீடாக செட்டாப் பாக்ஸ் மாட்டும் சென்றாயன், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து வேறு ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவான். யார் முகம் சுளித்தாலும் அவனுக்குக் கவலையில்லை. பிளக்கைப் பிடுங்காமல் எந்த வயரையும் தொடவும் மாட்டான்.

மயிலம்மாள் வீட்டிலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பழைய பாக்ஸில் டெஸ்டரை வைத்தான். பிளக் இல்லாமலே டெஸ்டர் எரிந்தது.

"ஏனுங்கக்கா, இதத் தொட்டா சுள்ளுனு இழுக்கலீங்களா?"

"இழுக்குமுங்க சாமி. எங்க ஊட்டுக்காரருதான். மாசியில செத்துப்போனாரு. தொடைக்கறப்பெல்லாம் வந்து கையப் புடிக்கறாரு."

சென்றாயன் பாக்ஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். டிவிக்கு மேலே மாலை போட்ட படத்தில் அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்கு அணையாமல் எரியும் சிவப்பு பல்பின் வயர், தோல் உரிந்து படம் மாட்டிய ஆணியில் சுற்றியிருந்தது. பாக்ஸுக்கு வரும் கேபிளும் அதே ஆணியில் உராய்ந்து நைந்திருந்தது. கரண்ட் அந்த வழியாகத்தான் பாக்ஸில் இறங்கியிருக்கிறது.

பல்பை அணைத்தான். புதுக் கேபிளை வேறு ஆணியில் மாட்டி, புதுப் பாக்ஸை இணைத்தான். பழைய கேபிளைச் சுருட்டி மூலையில் போட்டான். பல்பு வயரை வெட்டிவிடலாம்தான். செத்தவர் விளக்கை வெட்ட மட்டும் அவனுக்குக் கை வரவில்லை.

"நாளைக்குப் புது வயர் கொண்டாறேன். அதுவரைக்கும் பல்பைப் போட்றாதீங்க, உசுரு போயிரும்."

மயிலம்மாள் புதுப் பாக்ஸின் மேல் கையை வைத்து வெகுநேரம் நின்றாள்.

"அவரு கையப் புடிக்கலீங்களே, சாமி."

வண்டியைக் கிளப்பியவன் ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தான். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. மயிலம்மாள் ஸ்டூலில் ஏறி, பழைய கேபிளைப் படத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.