உருகிய பட்டு

ஊரெல்லாம் பட்டு நெய்கிற ஆரணியில், பட்டு உருகும் என்று சபையில் எழுந்து நின்று அறிவித்த ஒரே அறிவாளி நான்தான். அதையாவது மன்னித்துவிடலாம். அன்றைக்கு அந்தக் கூடத்தில் விவரம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று அதற்கப்புறம் பல வருஷம் நம்பிக்கொண்டு திரிந்தேன் பாருங்கள், அதற்கு மன்னிப்பே கிடையாது.

அப்போது ஏழாவது படித்தேன். அறிவியல் டீச்சர் இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் என்று இரண்டைச் சொல்லிக்கொடுத்து, வீட்டில் நடப்பதையெல்லாம் கவனித்து எது எந்த வகை என்று எழுதி வரச் சொல்லியிருந்தார். உருகுவது, உறைவது, கரைவது எல்லாம் இயற்பியல். வடிவம் மாறினாலும் அதே பொருள்தான். எரிவது, புளிப்பது, துருப்பிடிப்பது வேதியியல். வேறு பொருளாகிவிடும், பழையபடி ஆகாது.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. தயிர் உறைவதைப் பார்க்கிறேன் என்று மூடியைத் திறந்து திறந்து மூடியதில் அது பாலாகவும் இல்லாமல் தயிராகவும் ஆகாமல் நின்றது. ஐஸ்கட்டியை மிக்ஸியின் மேல் வைத்து உருக்கினேன். ஐஸுக்கு நடந்தது இயற்பியல் மாற்றம். மிக்ஸிக்கு நடந்தது என்ன மாற்றம் என்று டீச்சர் சொல்லித்தரவில்லை.

தறிக்கடியில் விழும் கழிவு நூலையும் விடவில்லை. பட்டை நெருப்பில் காட்டினால் முடி பொசுங்கிய நாற்றம் வரும். கருகியதை விரலால் தொட்டால் பொடிந்துபோகும். அசல் பட்டா என்று சந்தேகம் வந்தால் எங்கள் ஊரில் செய்கிற சோதனையே அதுதான். ஆகவே பட்டு, வேதியியல். எழுதியாயிற்று.

அந்த வாரம்தான் அக்காவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை களம்பூர். கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் அக்காவே பார்த்து வைத்த மாப்பிள்ளை. அழுது, பட்டினி கிடந்து அப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தாள். பெரியப்பா மட்டும் கடைசிவரை மசியவில்லை. "தறின்னா இன்னான்னே தெரியாத வூட்டுக்குப் பொண்ணா?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா ரைஸ் மில்லில் நெல் காய வைக்கிறவர். ஒண்டியாளாக மகனை வளர்த்தவர். நிச்சயப் புடவை மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவர வேண்டியது. நாங்களே நெய்து தருகிறோம் என்று அப்பா சொல்லிப்பார்த்தார். அந்த அம்மா விடவில்லை. "பொண்ணு வூட்டுலயே பொடவைய வாங்கி பொண்ணுக்கே கட்டறதா? நல்லா கீதே ஞாயம்! நானே போயி அசல் பட்டா பார்த்து எடுத்தாறேன்."

எடுத்து வந்தார். அரக்குச் சிவப்பு. தட்டோடு வாங்கிக்கொண்டு உள்ளே போன அக்கா, அதைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் குத்துவிளக்கு. பின்னால் நான். முந்தானைக் குஞ்சம் என் மூக்குக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. விஞ்ஞானி எத்தனை நேரம்தான் சும்மா இருப்பான்?

ஒரு நூலை உருவி விளக்கில் காட்டினேன். முடி நாற்றம் வரவில்லை. நூல் சுருங்கி, உருகி, கறுப்பு மணியாகத் திரண்டு என் கட்டைவிரலைச் சுட்டது. ஊதினேன். கல் மாதிரி இறுகிவிட்டது. உருகி உறைந்திருக்கிறது!

"அப்பா! அக்கா பட்டு உருகுது!"

களம்பூரிலிருந்து வந்த நாலைந்து பேரைத் தவிர கூடத்தில் இருந்த எல்லாரும் நெசவுக்காரர்கள். பேச்சு சட்டென்று நின்றது. பெரியப்பா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினார். "எங்க, இங்க கொண்டா பார்க்கலாம்." மாப்பிள்ளையின் அம்மா ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டே, "இன்னாவாம் புள்ளைக்கு?" என்றார். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. விரல்கள் மட்டும் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தன.

பெரியப்பாவுக்கு முன்னால் அப்பா வந்துவிட்டார். என் டவுசர் பைக்குள் கையை விட்டு, காத்தாடி விட வைத்திருந்த நூலுண்டையை வெளியே இழுத்து எல்லாருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினார்.

"நைலான் நூல கொளுத்திகினு, பட்டு உருகுதுன்னு கத்தறான் பாரு. இவனோட ஒரே பேஜாரு."

"இல்லப்பா, இது அக்கா பொடவ..."

அதற்குள் அம்மா தொடையைக் கிள்ளிவிட்டாள். முதலில் சிவந்தது, பிறகு நீலமாயிற்று. எந்த வகை மாற்றம் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

பெரியப்பா குஞ்சத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "நைலான்தான், நைலான்தான். உம், ஜல்தி தட்ட மாத்துங்க" என்றார். மற்ற நெசவுக்காரர்கள், அதுவரை மின்விசிறியையே பார்த்திராதவர்களைப் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அழுகையாக வந்தது. அறிவியலுக்கு இந்த ஊரில் மதிப்பில்லை. அதைவிட அப்பாவை நினைத்துத்தான் வருத்தம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தே நூலின் தரம் சொல்கிறவர், பட்டுக்கும் நைலானுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டாரே! பார்வை மங்குகிறது போல என்று நானே முடிவு கட்டி, ரொம்ப நாள் பரிதாபப்பட்டேன்.

போன மாதம் களம்பூர் போயிருந்தேன். அக்காவின் கல்யாண நாள். அதே அரக்குச் சிவப்பைத்தான் கட்டியிருந்தாள். வாசலில் அவள் மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம், "நான் எடுத்த பட்டு. இத்தினி வருசமாச்சு, சாயம் போச்சா பாரு" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே அக்காவின் மகள் உருகுவது இயற்பியல், எரிவது வேதியியல் என்று உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குள் பழைய விஞ்ஞானி விழித்துக்கொண்டான். இட்லித் தட்டோடு அக்கா பக்கத்தில் போய் நின்று, ரகசியத்தை மெல்ல உடைத்தேன்.

"அக்கா, சொன்னா வருத்தப்படாத. இது பட்டே இல்ல. உனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாதுல்ல?"

அக்கா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் தட்டில் சட்னியை ஊற்றினாள்.

"தட்ட கையில வாங்கனப்பவே தெரியும்டா."