பெரும்பாலும் வறண்ட வானிலை

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. வெயில் உண்டு, மழை உண்டு, இரண்டும் சேர்ந்து வந்து துணி காயப்போட்டவர்களைப் படாதபாடு படுத்துவதும் உண்டு. அதனால் கோடை என்ற சொல்லை நான் முதலில் சந்தித்தது ஒரு செய்தித்தாள் துண்டில்தான். அந்தத் துண்டை வாசித்துக் காட்டும் உத்தியோகம் என் ஒன்பதாவது வயதில் எனக்குக் கிடைத்தது. ஒரு வாரம் அதை மிகுந்த கர்வத்துடன் பார்த்தேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ஜாலான் புசாரில் ஒரு சீனரின் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் நாங்கள் குடியிருந்தோம். ஊரில் படுக்கையாகக் கிடந்த தன் தகப்பனாரைப் பார்ப்பதற்காக அப்பா நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறியிருந்தார். மே மாதம். அம்மாவுக்கு அப்போது எட்டு மாதம். எனக்கு அடுத்துப் பிறந்த குழந்தை தங்கவில்லை. அதனால் மருத்துவச்சி இந்தத் தடவை மூன்று கட்டளை போட்டிருந்தார். மாடிப்படி இறங்கக் கூடாது, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளக் கூடாது, வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிட வேண்டும். அம்மா முதல் கட்டளையை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள்.

கப்பல் பினாங்கைத் தாண்டிவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பினாங்கு வரைக்கும் கரை பக்கத்தில் இருக்கும், அதற்கப்புறம் வெறும் தண்ணீர்தானே என்பாள். அவளும் கல்யாணமாகி அந்தக் கடலைத் தாண்டித்தான் வந்தாள். மேல்தட்டில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, வழியெல்லாம் வாந்தி எடுத்தபடி. சித்திரை வைகாசியில் அந்தக் கடலுக்குப் பேய் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா கரை சேர்ந்த தந்தி வரும்வரை தலையில் எண்ணெய் வைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் அது வழக்கம். கப்பலில் ஆள் போனால் வீட்டில் சீயக்காய் செலவு மிச்சம்.

எங்களோடு மாமா இருந்தார். அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. அன்பான மனிதர், ஆனால் அவர் சொல்வதை யாரும் முழுதாக நம்புவதில்லை. துறைமுகத்தில் லாரி நீளத்துக்கு முதலை பார்த்தேன் என்றால், அம்மா அதை ஓணான் அளவுக்குக் குறைத்துத்தான் எடுத்துக்கொள்வாள். ஆகவே, "கடல் நல்லாத்தான் இருக்குக்கா, ஆபீஸ்ல விசாரிச்சுட்டேன்" என்று அவர் சொன்னபோது அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நீ சொன்னா எனக்கு வேண்டாம். அச்சுல வந்தத இவ படிக்கட்டும்."

இவ என்றது என்னை. நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். மாமா அன்று சாயங்காலம் இங்கிலீஷ் பத்திரிகையின் கப்பல் பக்கத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தார். அம்மா தட்டுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே நின்று, பள்ளிக்கூடத்தில் நிற்பது போலவே, தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிறகு மாமாவின் உதவியோடு தமிழில் சொன்னேன். கோடைப் பருவம். வங்காள விரிகுடாவில் மிதமான காற்று. பெரும்பாலும் வறண்ட வானிலை.

"பெரும்பாலும்னா?" என்றாள் அம்மா. "மீதி?"

"மீதி சும்மா தூறல் லா. தலைகூட நனையாதுக்கா."

கடல் எப்படி வறண்டு போகும் என்று நான் கேட்டேன். அம்மா சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்திருந்தாள். அவள் இரண்டாம் முறை ரசம் கேட்டபோதுதான் மாமாவும் தன் தட்டை எடுத்தார்.

மறுநாள் பத்திரிகையில் வேறு செய்தி இருந்தது. விரிகுடாவில் புயல் சின்னம், கப்பல்களுக்கு எச்சரிக்கை என்று. இது எனக்குத் தெரியவர இருபது வருடம் ஆனது. மாமாவே ஒருநாள் கோப்பிக் கடையில் உட்கார்ந்து சொன்னார். அன்று அவர் ஆபீஸிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு முந்தைய நாள் துண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறார். அதில் தேதி இல்லை. வீட்டுக்கு வந்ததும் யாரும் பார்க்காதபோது வானொலிப் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு வால்வைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். தமிழ்ச் செய்தி ஒழிந்தது. கூடவே என் சினிமாப் பாட்டு நிகழ்ச்சியும் ஒழிந்தது. பெட்டி கெட்டுவிட்டது என்று மாமா உதட்டைப் பிதுக்கியபோது நான் அழுத அழுகைக்கு அவர் எனக்கு ஐஸ் பந்து வாங்கிக் கொடுத்தார்.

ஆக, தினமும் அதே துண்டு. மாமா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார், நான் படிப்பேன், அம்மா சாப்பிடுவாள். படித்து முடித்ததும் ஆபீஸில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வாங்கி மடித்து வைத்துக்கொள்வார். முதல் நாள் திக்கித் திணறிய சொற்கள் மூன்றாம் நாள் சரளமாக வந்தன. என் இங்கிலீஷ் இவ்வளவு வேகமாக முன்னேறுகிறதே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏன் தினமும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு வரவே இல்லை. வானிலை என்றால் அப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது, கடிதம் என்றால் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுவதில்லையா என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் எங்கள் ஊரில் அடைமழை. ஜாலான் புசாரில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். சீனர் தன் ஆணிப் பெட்டிகளையெல்லாம் அஞ்சடியிலிருந்து, அதாவது கடை முன் நடைபாதையிலிருந்து, உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். மாமா வரவில்லை. அம்மா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குப் பயமாக இருந்தது. மருத்துவச்சியின் மூன்றாவது கட்டளை என் பொறுப்பு என்றே நான் நினைத்திருந்தேன்.

ஆகவே எதிரே போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை ஒப்பித்தேன். இங்கிலீஷில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

அம்மா ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள். "பேப்பர் இல்லாமயே படிச்சிட்டியா?" என்றாள்.

"எனக்கு மனப்பாடம்மா" என்றேன்.

அவள் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. பிறகு சாப்பிட்டாள், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல். என் கெட்டிக்காரத்தனத்தில் அம்மா நெகிழ்ந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை.

மாமா தொப்பலாக நனைந்து வந்தார். வந்ததும் வராததுமாகச் சட்டைப் பையைத் தடவினார். துண்டு ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது, ஒரு மூலை கையோடு கிழிந்தது. "முதல்ல தலைய துவட்டுடா" என்றாள் அம்மா. "நான் சாப்பிட்டாச்சு. உன் மருமக பேப்பர் இல்லாமயே படிச்சிட்டா." மாமா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. அம்மா உள்ளே போனதும் என் காதைப் பிடித்து, இனிமேல் பேப்பர் இல்லாமல் படித்தால் தோலை உரித்துவிடுவேன் என்றார். வலிக்கவில்லை, ஆனால் அவமானமாக இருந்தது. நன்றாகப் படித்ததற்குக் காதைத் திருகுகிற மாமா உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறார் என்று ரோஷத்தோடு படுத்தேன்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் பழையபடி துண்டு வந்தது. நான் விறைப்பாகப் படித்தேன். அம்மா முன்னைவிட நிதானமாகச் சாப்பிட்டாள். மாமாதான் இளைத்துப்போனார். அவர் பாதித் தட்டில் எழுந்துவிடுவதைப் பார்த்து, "நல்ல வானிலைன்னுதானே போட்டிருக்கு, உனக்கென்ன?" என்று அம்மா அதட்டி உட்காரவைப்பாள்.

தந்தி வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். கப்பல் இரண்டு நாள் தாமதமாகக் கரை சேர்ந்திருந்தது, அப்பா நலம். மாமா படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்து தந்தியை அம்மாவின் மடியில் போட்டார். கையில் அன்றைய பத்திரிகை முழுசாக இருந்தது. அம்மா தந்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அலமாரியிலிருந்து நல்லெண்ணெய்ப் புட்டியை எடுத்துவரச் சொன்னாள். ஆனால் மாமா விடவில்லை. "இரு அக்கா, குட்டி இன்னைக்கு உள்ளத படிக்கட்டும்" என்று பத்திரிகையை என்னிடம் நீட்டினார். இத்தனை நாள் கழித்து உண்மையான வானிலையை அம்மாவுக்குச் சொல்ல அவருக்கு அப்படி ஓர் ஆசை.

நான் வழக்கம்போல எதிரே நின்று, தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படித்தேன். எல்லாம் புதுச் சொற்கள். நிறையத் திக்கினேன். முடிப்பதற்குள் தாளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"இன்னைக்கு அந்தப் பால் டின் பாப்பாவக் காணோமேடா."

"எந்தப் பாப்பாக்கா?" என்றார் மாமா.

"இவ படிச்ச துண்டுக்குப் பின்னால இருந்துச்சே. டின் பால் விளம்பரம், குண்டுப் பாப்பா. இவ அந்தப் பக்கம் படிப்பா, நான் இந்தப் பக்கம் பார்ப்பேன். ஒரு வாரமா அதே பாப்பா. மழை பேஞ்ச அன்னைக்கு அதுக்கு ஒரு காதும் போயிடுச்சு."

மாமா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "தெரிஞ்சேவா சாப்பிட்டேக்கா?" என்றார்.

அம்மா தந்தியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "எழுந்து கையக் கழுவு. நீ ஒரு வாரமா ஒழுங்கா சாப்பிடல" என்றாள்.

எனக்கு அவர்கள் பேசியதில் பால் டின் என்பது மட்டும்தான் விளங்கியது. அம்மாவுக்குப் பால் வேண்டும் போலிருக்கிறது என்று சமையலறைக்கு ஓடி, மூலையில் கிடந்த டின்னை எடுத்து வந்து இருவருக்கும் நடுவில் வைத்தேன். அதன்மேலும் ஒரு குண்டுப் பாப்பா சிரித்துக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார்.

நான் டின்னை எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். காலி. இதற்குப் போயா ஒரு பெரிய மனிதர் இப்படி அழுவார் என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. மாமாவின் தோளைத் தட்டி, கீழே கடையில் புதுசு இருக்கிறது, வாங்கிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னேன்.